ஓல்டான்!

திருச்சி மாவட்டத்து மருங்காபுரிப் பக்கம் ஓடும் டவுன் பஸ் ஏதாவது ஒன்றில் காலை நேரத்தில் ஏறிப் பாருங்கள். வண்டி நகரும்போது கூடையோடு ஓர் அம்மா கையைக் காட்டிக்கொண்டு ஓடி வருவார். படியில் நிற்கும் கண்டக்டர் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "ஓல்டான், ஓல்டான்!" என்பார். வண்டி நிற்கும். கூடை ஏறும், அம்மா ஏறுவார். "ரைட்!" வண்டி கிளம்பிவிடும்.

இந்த ஓல்டான், இங்கிலீஷ்காரர்களின் 'ஹோல்ட் ஆன்'. அவர்களிடம் அதற்கு முதற்பொருள் இறுகப் பிடித்துக்கொள் என்பது. கொஞ்சம் பொறு என்ற பொருள் பிறகு சேர்ந்தது. லண்டன் பஸ் கண்டக்டர்கள் 'ஹோல்ட் டைட்' என்று குரல் கொடுத்தது வண்டி கிளம்பும்போது, பயணிகளைப் பார்த்து. நம் கண்டக்டர் ஓல்டான் என்பது வண்டி நிற்பதற்கு, டிரைவரைப் பார்த்து. பின்னோக்கி வரும் லாரிக்கு "வரட்டும், வரட்டும்" என்று வழிகாட்டும் கிளீனரும் சுவர் நெருங்கியதும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்.

இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு: ஹால்ட். ஜெர்மன் மொழியில் 'பிடி' என்பதற்கான ஏவல் சொல் அது. ஹோல்டும் ஹால்ட்டும் ஒரே வேரில் பிறந்தவை. பட்டாளத்தார் வாயில் ஏறி ஹால்ட் நாடு நாடாக நடந்தது. திருச்சி கண்டோன்மெண்டில் அணிவகுப்பை நிறுத்திய சொல் அதுதான். 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு ரயில் வந்தது. ரயில்வேயிலும் இந்தச் சொல் உண்டு; அங்கே ஹால்ட் என்றால் சின்ன நிறுத்தம். கிராமத்துக்கு வந்தபோது அதற்கு இன்னும் நல்ல வாழ்வு கிடைத்தது. கடைசி பஸ் இரவு ஊரிலேயே தங்கிவிட்டு விடியற்காலை முதல் வண்டியாகக் கிளம்பினால் அது 'நைட் ஹால்ட்'. டிரைவரும் கண்டக்டரும் ஊரிலேயே படுத்துக்கொள்வார்கள். பிரசவ வலி, பரீட்சை, சந்தை எதுவானாலும் விடியலில் ஒரு வண்டி உண்டு என்ற தைரியம் அந்த ஊருக்கு. "எங்க ஊர்ல பஸ் ஹால்ட்டு" என்று சொல்வதில் ஒரு பெருமையே இருக்கும்.

'ஸ்டாப்' வந்த வழி வேறு. லத்தீனில் 'ஸ்டுப்பா' என்றால் நார்க்கழிவு. அதைத் திணித்து ஓட்டையை அடைப்பதுதான் பழைய ஸ்டாப். பாட்டில் அடைப்பானுக்கு இன்றும் ஸ்டாப்பர் என்றே பெயர். ஓட்டையை அடைத்த சொல் பிறகு ஓட்டத்தையும் அடைத்தது. நாம் அதை 'ஸ்டாப்பிங்' ஆக்கி, நிற்கும் செயலின் பெயரை நிற்கும் இடத்துக்கு வைத்தோம். "அடுத்த ஸ்டாப்பிங்ல இறங்கணும்" என்பது நம் ஊர் இங்கிலீஷ்.

நில், நிறுத்து என்று நம்மிடமே சொல் இருக்கும்போது ஓல்டான் எதற்கு? தமிழில் ஒருவரை நிறுத்தச் சொல்வதற்கு முன் அவர் நமக்கு மூத்தவரா இளையவரா என்று பார்க்க வேண்டும். 'நிறுத்து' என்றால் வயதில் பெரிய டிரைவருக்கு மனம் சுருங்கும். 'நிறுத்துங்கண்ணே' என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி பத்தடி போய்விடும். ஓல்டானில் பணிவும் இல்லை, அதிகாரமும் இல்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் நாளை ஓய்வுபெறப் போகிறவரும் ஒரே குரலில் சொல்லலாம். அதனால்தான் இந்தச் சொல் இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் இறங்கும் காலம் நெருங்குகிறது. துவரங்குறிச்சி வழியாகப் போகும் திருச்சி–மதுரை சாலை இன்று நான்குவழிச் சாலை; வழியில் நிற்காமல் போவதற்கே ஏற்றது. கண்டக்டர் பஸ் ஸ்டாண்டிலேயே டிக்கெட் போட்டுவிட்டு இறங்கிக்கொள்ளும் இடைநில்லாப் பேருந்துகள் தமிழ்நாட்டில் ஓடுகின்றன. கையைக் காட்டி ஓடி வரும் அம்மாவுக்காக அந்த வண்டியில் குரல் கொடுக்க ஆள் இல்லை.

ஓல்டான், ஓல்டேன், ஆல்டேன் என்று ஊருக்கு ஊர் இது மாறி ஒலிக்கிறது. உங்கள் ஊர்க் கண்டக்டர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்டு, ஊர்ப் பெயரோடு எழுதி வையுங்கள். ஓய்வுபெற்ற கண்டக்டர் யாராவது தெருவில் இருந்தால் முதலில் அவரிடம் போய்க் கேளுங்கள்.