ஆடித் தள்ளுபடியும் கடைமடைக் கடனும்

காவிரியின் கடைமடையில் வாழ்வோர்க்கு ஆடித் திங்கள் கைப்பணம் கரையும் காலம். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது மரபு. அம்மரபு தவறாத ஆண்டிலும், நீரானது போலகம், திருமலைராயன்பட்டினம் முதலிய ஊர்களின் வாய்க்கால்களை எட்டுவதற்குள் நாள்கள் பல கழிந்துவிடும். நீர் வந்தவுடன் உழவுக்கூலி, விதைநெல், எரு என்று செலவுகள் வரிசையாக நிற்கும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் புத்தகச் செலவும் அப்போதுதான் முடிந்திருக்கும். சம்பா நெல் களத்துக்கு வருவதோ தை மாதத்தில். இங்ஙனம் கை வறண்ட மாதத்திலேதான் காரைக்காலிலும் நாகப்பட்டினத்திலும் கும்பகோணத்திலும் "ஆடித் தள்ளுபடி" என்னும் பலகைகள் கடைதோறும் எழுகின்றன.

பணமில்லாத மாதத்தில் இத்துணைப் பெரிய விற்பனை ஏன்? இதற்கு விடை வணிகரின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஆடியில் நம்மவர் திருமணம் செய்வதில்லை. ஆதலின் ஜவுளிக் கடைகளில் ஈயாடாது. தீபாவளிக்குப் புதுச்சரக்கு வருமுன் பழைய சரக்கை நகர்த்தியாக வேண்டும். வாங்குவோரின் கையிருப்பை எண்ணி ஏற்பட்டதன்று இத்தள்ளுபடி; விற்போரின் சரக்கிருப்பை எண்ணி ஏற்பட்டது. இதில் வணிகர்மேல் குற்றமில்லை. அவர் தம் தொழிலைச் செய்கிறார்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. பாரிஸ் மாநகரில் போன் மார்ஷே என்னும் பெரிய கடையை நடத்திய அரிஸ்டீட் பூசிக்கோ என்பவர், கிறிஸ்துமஸ் முடிந்து மக்கள் ஓய்ந்திருக்கும் ஜனவரி மாதத்தில் வெள்ளைத் துணிகளை மலிவு விலையில் குவித்து விற்கும் முறையை 1870களில் தொடங்கினார். பாரிஸின் ஜனவரியும் தஞ்சைத் தரணியின் ஆடியும் வணிகர்க்கு ஒரே தன்மையன. அத்தகைய பெருங்கடைகளின் கவர்ச்சியையும், அதில் மயங்கி அளவிறந்து வாங்கிய குடும்பத்தாரின் நிலையையும் எமிலி ஸோலா 1883இல் வெளியான ஒரு நாவலில் சித்திரித்தார். பிரெஞ்சு அரசோ சட்டத்தின் வாயிலாகத் தள்ளுபடிக்கு ஓர் எல்லை கட்டியது. குளிர்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை, 2020 முதல் முறைக்கு நான்கு வாரம் என்று அங்கே அது வரையறுக்கப்பட்டுள்ளது.

நம் நாட்டுத் தள்ளுபடிக்கு வேறொரு மரபும் உண்டு, அது பெருமைக்குரியது. மில் துணியின் போட்டியால் நெசவாளர் வீடுகளில் தறி நின்றபோது, 1935இல் சென்னை மாகாணத்தில் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இன்று கோ-ஆப்டெக்ஸ் என நாம் அழைப்பது அதுவே. 1953இல் நடுவண் அரசு ஒரு சட்டம் இயற்றி, மில் துணியின்மீது கெஜத்துக்கு மூன்று தம்பிடி தீர்வை விதித்தது. அப்பணம் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிடப்பட்டது. பண்டிகைக் காலத்தில் கைத்தறித் துணிக்குத் தள்ளுபடி கொடுக்கவும் அது உதவியது. நெசவாளியின் உலை கொதிப்பதற்காக ஏற்பட்ட "தள்ளுபடி" என்னும் அதே சொல்தான், இன்று தேவையற்ற மூன்றாவது சட்டையை நம் கையில் திணிக்கவும் பயன்படுகிறது.

மலிவுக்கு மூன்றாவது காரணம் ஒன்று எங்கள் பகுதியார்க்கு நன்கு தெரியும். காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாளில், 1941இல் ஏற்பட்ட சுங்க ஒப்பந்தம் 1949இல் முறிந்தது. அதன்பின் வெளிநாட்டுச் சரக்கு எல்லைக்கு இப்பால் ஒரு விலை, அப்பால் ஒரு விலை. 1954இல் ஆட்சி மாறிய பின்னரும் விற்பனை வரி வேறுபாட்டினால் பல பண்டங்கள் இங்கே மலிவாயிருந்தன. நாகூர்ப் பக்கத்திலிருந்து மக்கள் வந்து வாங்கிச் சென்றனர். 2017 ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி வந்ததும் அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் பேருந்துக்கு இருபது ரூபாய் கொடுத்தவர்களும் அந்நாளில் உண்டு.

இனி, கணக்குப் பாடம் நடத்திய பழக்கம் என்னை விடாதாகையால் ஒரு சிறு கணக்கு. ஆயிரம் ரூபாய்ப் புடவை, இருபது விழுக்காடு தள்ளுபடியில் 800 ரூபாய். அத்தொகையை ஆடியில் மூன்று வட்டிக்குக் கடன் வாங்கித் தையில் அடைத்தால், ஆறு மாத வட்டி 144 ரூபாய். புடவையின் விலை 944. ஐந்து வட்டியாயின் வட்டி 240, விலை 1,040. ஆயிரம் என்று எழுதிய சீட்டைக் கடைக்காரர் மாற்றாமலே வைத்திருந்தாலும், தையில் ரொக்கம் கொடுத்து வாங்கியவருக்கு நாற்பது ரூபாய் ஆதாயம்!

ஏழை மக்கள் விழாவுக்கும் திருமணத்துக்கும் வாரி இறைத்தே கெட்டனர் என்று பேசுவது பழைய வழக்கம். தக்காணத்தில் 1875இல் உழவர்கள் வட்டிக்காரர்மீது எழுந்த கலகத்தை விசாரித்த குழு, அக்கூற்று அளவுக்கு மீறிச் சொல்லப்படுகிறது என்றே கண்டது. என் கருத்தும் அதுவே. பணம் வரும் மாதமும் செலவு வரும் மாதமும் வேறு வேறாயிருப்பதே கடனுக்கு வித்து. ஊதாரித்தனம் அதன் பின்னரே வருவது. 1895இல் பிரெடரிக் நிக்கல்சன் சென்னை மாகாணத்து நாட்டுப்புறக் கடனை 45 கோடி ரூபாய் என மதிப்பிட்டு, சிக்கன நாணயச் சங்கங்களே மருந்து என்றார். அதன் வழியில் 1904இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் ஒன்று பதிவாயிற்று.

சட்டம் அறியாத நம் தாய்மார்களும் இதே மருந்தை வேறு பெயரில் கண்டிருந்தனர். அதுதான் தீபாவளிச் சீட்டு. மாதந்தோறும் சிறு தொகை கட்டி, பண்டிகைக்கு முன் மொத்தமாகப் பெறுவது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் நகர வங்கி ஒன்று 1909இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சேமிப்பும் இதே ஏற்பாடுதான். ஆனால் பணம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் பேர்பாக் என்னும் நிறுவனம் 2006இல் கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்களுக்கு முன் வீழ்ந்தபோது, ஆண்டு முழுதும் கட்டிய எளிய குடும்பங்கள் பண்டிகையை இழந்தன. நம் நாட்டில் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டு நடத்துவோர் பதிவு பெற வேண்டும். பதிவில்லாத சீட்டு மறைந்தால் மீட்பது அரிது. அஞ்சலகமோ 1882 முதல் சேமிப்பு வங்கி நடத்தி வருகிறது.

தை அறுவடைப் பணம் வந்ததும் மாதம் 150 ரூபாய் வீதம் ஆனி முடிய ஆறு மாதம் அங்கே இட்டு வைத்தால் 900 ரூபாய். ஆடியில் அதே புடவையை 800 ரூபாய்க்கு வாங்கியபின் நூறு ரூபாய் மீதம். அது விதைநெல்லுக்கு ஆகும்.