சட்டத்துக்காகக் காத்திருந்த பாடம்: அமெரிக்க மருத்துவக் கல்வியில் கஞ்சா

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1996ஆம் ஆண்டு பொதுவாக்கெடுப்பின் வழியே கஞ்சாவின் மருத்துவப் பயன்பாட்டை ஏற்றபோது, மருத்துவருக்குக் கிடைத்த இடம் விந்தையானது. கூட்டாட்சி அரசின் 1970ஆம் ஆண்டுச் சட்டம், ஏற்கப்பட்ட மருத்துவப் பயன் இல்லாதவை எனக் கருதிய பொருள்களின் முதற்பட்டியலில் கஞ்சாவைச் சேர்த்திருந்தமையால், மருத்துவர் அதற்கு மருந்துச்சீட்டு எழுத இயலாது. நோயாளிக்கு அது பயன்தரக்கூடும் என்று கருத்துரைக்க மட்டுமே இயலும். அந்த உரிமையைக்கூட 2002ஆம் ஆண்டு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று பேச்சுரிமையின் அடிப்படையிலேயே காத்தது. எந்த வகை, எவ்வளவு, எவ்வழியே, எத்தனை நாள் என்னும் மருந்தியல் முடிவுகள் பெரும்பாலும் விற்பனைக் கடைக்குச் சென்றன. சட்டம் தெளியட்டும் எனக் காத்திருந்த மருத்துவக் கல்லூரிகள் இந்த இடமாற்றத்துக்குத் துணைபோயின என்பதும், நோயாளி உட்கொள்ளும் பொருளைக் கற்பிக்கும் கடமை அதன் சட்டநிலையைச் சார்ந்ததன்று என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்திட்டப் பொறுப்பாளர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர், தம் பட்டதாரிகள் மருத்துவக் கஞ்சாவைப் பரிந்துரைக்கச் சிறிதும் ஆயத்தமாகவில்லை என்றனர்; பயிற்சி மருத்துவர்களுள் சுமார் 85 விழுக்காட்டினர் இப்பொருள் பற்றி எக்கல்வியும் பெறவில்லை என்றனர். குறையைச் சுட்டியவர்களுள் பாடத்தை வகுப்போரும் இருந்தனர் என்பதால், இதை வெளியார் குற்றச்சாட்டாக ஒதுக்க முடியாது.

அவ்வெற்றிடத்தை யார் நிரப்பினர் என்பதை 2018இல் வெளிவந்த கொலராடோ ஆய்வு காட்டுகிறது. ஆய்வாளர்கள் எட்டு வாரக் கருவுற்ற பெண்ணாகத் தம்மைக் கூறிக்கொண்டு, மசக்கைக் குமட்டலுக்கு வழிகேட்டு 400 கஞ்சா விற்பனைக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசியபோது, 69 விழுக்காட்டுக் கடைகள் கஞ்சாவையே பரிந்துரைத்தன. கருவுற்றோர் அதைத் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் நிலைப்பாடு. கடை ஊழியரைப் பழிப்பது எளிது; ஆனால் அக்கேள்வி அவரிடம் ஏன் கேட்கப்படுகிறது என்பதே மருத்துவக் கல்வியாளர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது.

சான்றுகள் போதாமையால் கற்பிக்க ஏதுமில்லை என்னும் மறுப்பு நிற்காது. கஞ்சாவின் போதைதரும் கூறான டிஎச்சியின் வேதியமைப்பை ரபேல் மெக்கூலம் குழுவினர் 1964இல் கண்டறிந்தனர். அது பற்றிக்கொள்ளும் மூளை ஏற்பி, அதாவது உயிரணுவின் மேல் அமைந்து வேதிச் செய்தியை உள்வாங்கும் புரதம், 1988இல் இனங்காணப்பட்டது. அவ்வேற்பிக்கென உடலே உண்டாக்கும் ஆனந்தமைடு 1992இல் தெரியவந்தது. இவை உடலியங்கியலின் அடிப்படைப் பாடங்கள். படுக்கையருகே தேவைப்படும் அறிவோ இன்னும் உடனடியானது. புகைத்தால் சில நிமிடங்களில் தெரியும் விளைவு, உண்டால் ஒரு மணிநேரமோ அதற்கு மேலோ தாமதித்துத் தோன்றுவதால், பலனில்லையென எண்ணி மீண்டும் உண்பவர் அளவு மீறுகிறார். போதை தராத கூறாகிய சிபிடி, கல்லீரல் நொதிகளைத் தடுத்து, வலிப்பு மருந்தான குளோபசாமின் செயலூக்கமுள்ள வளர்சிதைப் பொருளை இரத்தத்தில் உயர்த்துகிறது. சிபிடியே 2018இல் கடும் குழந்தைப்பருவ வலிப்பு வகைகளுக்கு ஒப்புதல் பெற்ற மருந்தாகையால், இரண்டும் ஒரே குழந்தைக்குத் தரப்படுவது இயல்பு. நெடுநாள் பயன்படுத்துவோர்க்கு வரும் ஓயாத வாந்தி, வெந்நீர்க் குளியலில் தணியும் என்பதை அறியாத மருத்துவர், தேவையற்ற பரிசோதனைகளை அடுக்கக்கூடும்.

கற்பிப்பதே ஒப்புதலாகிவிடும் என்னும் அச்சமும் உண்டு. ஆனால் மார்பின் பற்றிய பாடம் அபினுக்கு ஒப்புதல் தருவதில்லை. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2017ஆம் ஆண்டு அறிக்கை, வயதுவந்தோரின் நாட்பட்ட வலிக்கும் புற்றுநோய் மருந்துகளால் வரும் குமட்டலுக்கும் பயன் உண்டெனக் கண்டது. மனச்சிதைவு நோய்க்கான இடர் கூடுவதையும் அதே அறிக்கை வலுவாகப் பதிந்தது. நன்மையை மருந்தியலுக்கும் தீமையை மனநலத்துறைக்கும் பிரித்துத் தந்தால் மாணவர் இரு அரைகுறை முடிவுகளுடன் வெளியேறுவர். ஒரே வகுப்பில் இரண்டையும் எடைபோடச் செய்வதே நேர்மையான கற்பித்தல்.

இம்முறை புதியதன்று. கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஓஷாக்னெசி 1839இல் கஞ்சா பற்றி எழுதியபோது, விலங்குகளில் சோதித்தபின் நோயாளிகளுக்குத் தந்து, இசிவு தணிந்ததையும் தொடர்பயன்பாட்டால் வரும் பிதற்றலையும் ஒருங்கே பதிந்தார். அமெரிக்க மருந்து நூலிலும் 1942 வரை கஞ்சா இடம்பெற்றிருந்தது.

மேரிலாந்துப் பல்கலைக்கழக மருந்தியல் பள்ளி 2019இல் தொடங்கிய மருத்துவக் கஞ்சா முதுகலைப் படிப்பு போன்றவை வல்லுநரை உருவாக்கும். எனினும் அறுவைக்கு முன் நோயாளியிடம் பேசும் செவிலியரும் இரத்த உறைவைத் தடுக்கும் வார்பரின் வழங்கும் மருந்தாளுநரும் அவ்வகுப்புக்குச் செல்லப்போவதில்லை. மயக்க மருந்து தருமுன் ஒவ்வொரு நோயாளியிடமும் கஞ்சாப் பயன்பாட்டைக் கேட்டறிய வேண்டும் என 2023இல் அமெரிக்க வட்டார மயக்கவியல் சங்கம் வழிகாட்டியுள்ளது. தீர்ப்புத் தொனியின்றி அதைக் கேட்கவும், கிடைத்த விடையை மருந்துப் பட்டியலில் அளவோடும் வழியோடும் எழுதவும், நோய்வரலாறு கேட்கும் முதற்பயிற்சியிலேயே எல்லாத் துறை மாணவர்க்கும் பழக்க வேண்டும்.