அம்பாசடரின் நீள சீட் எங்கே போனது?

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரிலிருந்து 1950களின் இறுதியில் உருவானது அம்பாசடர். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரான இந்த வண்டியின் கூடு கடைசிவரை பெரிதாக மாறவில்லை. மாறியது உள்பக்கம்தான்.

முன்னால் மூவர் அமரும் நீள சீட், ஸ்டியரிங் தண்டில் கியர், இதுதான் பழைய அம்பாசடர். 1990களில் இசுசூ எஞ்சினோடு வந்த 1800 ஐஎஸ்இசட் மாடலில் கியர் தரைக்கு இறங்கியது. தனித்தனி சீட்டும் கிடைத்தது. டேஷ்போர்டின் நடுவில் இருந்த மீட்டர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் நகர்ந்தது.

கூடு ஒன்றுதானே! புது வண்டி வாங்க முடியாதவர்கள் பழையதற்குள்ளேயே புது மாடல் சீட்டை மாட்டிக்கொண்டார்கள். கழற்றியது காயலான் கடைக்குப் போனது. இன்று பழைய அம்பாசடரை அதன் அசல் வடிவில் மீட்க நினைப்பவர்கள் தேடி அலைவது, அன்று எடைக்குப் போட்ட அதே நீள சீட்டைத்தான்.