கூலியோடு வந்த குடி

"சேரிப் பய கையில நாலு காசு சேர்ந்தா கடைக்குத்தானே போவான்" என்பது ஊர்த்தெருவில் அடிபடும் பேச்சு. குடி என்னவோ நம் ரத்தத்திலேயே ஊறிக் கிடப்பது மாதிரி. அது ரத்தத்தில் வரவில்லை. கூலியோடு வந்தது.

சாவு வீட்டில் பறையடிப்பதை நமக்குத் தொழிலாக்கியது சாதி. அப்பன் பக்கத்தில் நின்று பதிமூணு, பதினாலு வயசுப் பையனும் விடிய விடிய அடிப்பான். நெல்லோ காசோ கொஞ்சம் கிடைக்கும், கூடவே சாராயம். பிணத்துக்கு முன்னால் ராவெல்லாம் ஆடி அடிக்கச் சோறு போதாது, போதை வேணும் என்பது ஊர்க்காரன் கணக்கு. பையனுக்கு முதல் கிளாஸை ஊற்றியது சேரி அல்ல.

எசமான்கள் எல்லா ஊரிலும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் அடிமைகளுக்கும், பிறகு கூலிகளுக்கும் கூலியில் ஒரு பகுதியை ஒயினாகவே ஊற்றினார்கள். 'டொப்' முறை என்று அதற்குப் பெயர். 1960களின் தொடக்கத்தில் சட்டம் தடுத்தும், 1990கள் வரை பல தோட்டங்களில் அது ஓயவில்லை. எசமானுக்கு இரண்டு லாபம்: கூலி மிச்சம், ஆளும் தோட்டத்தை விட்டு நகரமாட்டான்.

புதுக்கோட்டைக் கல்குவாரிகளில் ஆளைக் கட்டிப்போட்டது முன்பணம். கொத்தடிமை முறையைச் சட்டம் 1976இல் ஒழித்தது. குவாரியில் கடன் ஒழியவில்லை. கடன் அப்பன் பேரில், கல் உடைப்பது பிள்ளை. வெயில், தூசி, சம்மட்டி. பசியை அமுக்கப் புகையிலை. "கொஞ்சம் போட்டுக்கடா, கைவலி தெரியாது" என்பார் கூட வேலை செய்யும் பெரியவர். 1981 முதல் 1986 முடிய சாராயக்கடைகளுக்கு அரசே உரிமம் கொடுத்தது. உழைத்த கூலி அந்தி சாய்வதற்குள் கடைக்குப் போயிற்று.

இதை மாற்றிக் காட்டியவர்கள் பெண்கள். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த அறிவொளிக் காலத்தில், 1990களின் தொடக்கத்தில், இங்கே பல குவாரிகள் கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு வந்தன. அவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். காண்டிராக்டர்கள் எதிர்த்தார்கள். ஆனாலும் பெண் கைக்கு வந்த காசு அரிசியாக வீடு வந்தது. பிள்ளைகள் சம்மட்டியை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். ரத்தம் அதே ரத்தம்தான். மாறியது கூலி வந்த கை.

2003இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. இனி எசமான் ஊற்றித்தர வேண்டியதில்லை. 21 வயசுக்குக் கீழே விற்கக்கூடாது என்று விதி இருக்கிறது. 18 வயசுக்குக் கீழே சுரங்க வேலை கூடாது என்று 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் சொல்கிறது. விதியும் சட்டமும் அப்பன் வாங்கிய கடனை அடைக்குமா?

"குடிக்காதேடா" என்று பையனுக்குப் புத்தி சொல்லலாம், தப்பில்லை. அதற்கு முன்னால், படிக்கிற வயசில் அவனை வேலைக்குத் தள்ளிய கடனுக்கும் சாதிக்கும் கணக்கு முடிக்கணும்.