சிறைக் குடிலும் லயத்துக் காம்பராவும்

கண்டியில் திருவருகைக் காலப் பிரசங்கம் என்றால், அது எங்கு தொடங்கினாலும் புனித யோசப் வாஸ் அடிகளிடம் வந்து சேர்ந்துவிடும். அதற்குத் தகுந்தவர்தான் அவர். ஆனால் இதே மலைகளில் இன்னொரு நீண்ட காத்திருப்பும் நடந்திருக்கிறது. அது தோட்டத் தமிழரின் காத்திருப்பு. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காவிட்டால், கிறிஸ்தவ எதிர்நோக்கைப் பற்றி இங்கே நாம் பேசுவது பாதிப் பேச்சாகவே நின்றுவிடும்.

1658-இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போன பிறகு கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. ஏறத்தாழ முப்பது வருடம் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லை. வீட்டுக்குள் செபங்களைக் காப்பாற்றிக்கொண்டு ஒரு சனம் காத்திருந்தது. கோவாவிலிருந்து வாஸ் 1687-இல் வேடம் மாறி வந்து சேர்ந்தது அவர்களிடம்தான். 1692-இல் அவர் கண்டிக்கு வந்தபோது, போர்த்துக்கேய உளவாளி என்று யாரோ கோள் சொல்ல, மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைக் காவலில் வைத்தான். எப்போது விடுவார்கள் என்று சொல்வார் இல்லை.

அந்தக் காவலில் அவர் என்ன செய்தார் என்பதில்தான் எனக்கு அக்கறை. சிங்களம் படித்தார். தப்பியோடுகிற ஆள் இல்லை என்று காவலர்களின் பிடி தளர்ந்ததும் ஒரு குடிலைக் கட்டி அதற்குள் பலிபீடம் அமைத்தார். பிறகு மாதாவுக்கு மரத்தால் ஒரு கோவில் எழுப்பினார். 1697-இல் கண்டியில் அம்மை கண்டு, நோயாளிகளை உறவினரே கைவிட்டு ஓடியபோது, அவர்களைத் தேடிப் போய்க் கழுவினார், ஊட்டினார், இறந்தவரைப் புதைத்தார். 1711 ஜனவரி 16-இல் கண்டியிலேயே இறந்தார். விடுதலை கிடைத்த பிறகுதான் பணி என்று அவர் ஒரு நாளும் ஒத்திவைக்கவில்லை. ஆண்டவர் ஏற்கெனவே வந்துவிட்டார், சிறைக்குள்ளும் இருக்கிறார் என்ற உறுதி அவருக்கு இருந்தது. அந்தக் குடிலை அவர் கட்டியது அந்த உறுதியில்தான்.

இனி தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்துக்கு வருவோம். ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. அடுப்புப் புகையில் கறுத்த சுவரில் திரு இருதயப் படம். அதற்குக் கீழே படிக்கிற பிள்ளையின் புத்தகப் பை. தகரக் கூரையில் மழை விழுந்தால் செபமாலை சொல்கிறவரின் குரல் அடுத்தவருக்குக் கேட்காது. 1854-இல் அங்கிலிக்கன் சபையார் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களை வரவழைத்து இந்த மக்களிடம் வேதத்தைக் கொண்டுபோனது. நூறு வருடம் ஆவதற்குள், 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கையின் சிறிமாவோ, இந்தியாவின் சாஸ்திரி ஆகிய இரு பிரதமர்களும் உட்கார்ந்து 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. இந்தியாவுக்குக் கப்பலேற அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை ஒரு நாட்டுக்கும் என்று குடும்பங்கள் உடைந்தன. நாடற்ற நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003-இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து வருடம்.

வாஸ் தம் சிறையைத் தெரிந்தே வந்து ஏற்றார். பிடிபட்டால் என்னவாகும் என்று அறிந்துதான் கடல் கடந்தார். லயத்துச் சனத்துக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, “வாஸ் அடிகளைப் போலப் பொறுமையாயிருங்கள்” என்று லயத்துக்காரரிடம் சொல்வது, ஒரு புனிதரின் தியாகத்தை எடுத்து இன்னொருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை மூடுவதாகும். வாஸே அதை ஏற்கமாட்டார்.

திருவருகைக் காலத்தின் அமைப்பே இதற்கு வழி காட்டுகிறது. டிசம்பர் 17 முதல் 24 வரையான நாள்கள் பெத்லகேமுக்கு நம்மை ஆயத்தப்படுத்துகின்றன. அதற்கு முந்தைய நாள்களோ ஆண்டவரின் இரண்டாம் வருகையை, நீதி நிலைநாட்டப்படும் நாளை முன்னிறுத்துகின்றன. வாள்களைக் கொழுக்களாக அடிக்கும் மக்களையும், ஏழைகளுக்கு நேர்மையாய் நீதி வழங்கும் ஓர் அரசனையும் அந்த வாரங்களில்தான் எசாயா நம் முன் நிறுத்துகிறார். வாஸின் குடில் பிந்திய பகுதிக்கு உரியது: வந்துவிட்டவரை இருக்கிற இடத்தில் வரவேற்பது. லயத்தின் காத்திருப்பு முந்திய பகுதிக்கு உரியது: இன்னும் வராததைக் கேட்டு நிற்பது. நாம் நவம்பர் முடியுமுன்பே பாலன்குடிலுக்கு வைக்கோல் தேடத் தொடங்கிவிடுகிறோம். முந்திய பகுதி அவசரத்தில் கரைந்துபோகிறது. அதோடு லயத்துக்காரரின் கேள்வியும் கரைந்துபோகிறது.

எல்லாரும் அப்படிக் கரையவிடவில்லை. இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ் 1972-இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கி, சிங்களவரையும் தமிழரையும் ஒரே கூரையின் கீழ் கூட்டித் தோட்ட மக்களின் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் உழைத்தார். சிறையில் சிங்களம் படித்த வாஸும் தோட்ட மக்களின் உரிமை பேசிய காஸ்பர்ஸும் சந்திக்கும் இடம் இது. இருவருக்கும் காத்திருப்பது என்பது வேலை செய்வதுதான்.

2025 திருச்சபைக்கு எதிர்நோக்கின் யூபிலி ஆண்டு. அந்த ஆண்டின் திருவருகைக் காலம் நவம்பர் 30-இல் தொடங்கியது. அதற்கு இரண்டே நாள் முன்புதான் டித்வா புயல் கரை கடந்திருந்தது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். மண்சரிவில் மிகவும் அடிபட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. முதல் மெழுகுதிரியை ஏற்றிய ஞாயிறன்று மலையகத்தில் பலர் இன்னும் மண்ணுக்கடியில் இருந்தார்கள். எல்லாம் நன்மைக்கே என்ற பேச்சு அன்று யாருக்கும் உதவியிருக்காது. எதிர்நோக்கு உதவியது. அது சாவைச் சாவென்றே பார்த்து அழவும், அழுதுகொண்டே மண்வெட்டியைக் கையில் எடுக்கவும் விடுகிறது.

அடுத்து டிசம்பர் 14, மூன்றாம் ஞாயிறு. அன்றைய நற்செய்தியில் சிறையிலிருக்கும் திருமுழுக்கு யோவான் ஆளனுப்பிக் கேட்கிறார்: வர வேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா? இயேசு அவரை அவநம்பிக்கைக்காரர் என்று கடியவில்லை. பொறுமையாயிரு என்றும் சொல்லவில்லை. கண்ணால் காண்பதை, காதால் கேட்பதைப் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்புகிறார்: பார்வையற்றோர் பார்க்கிறார்கள், நடக்க முடியாதோர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி கிடைக்கிறது. மலையகத்தில் பிரசங்கம் செய்கிறவரும் அப்படிச் சுட்டிக்காட்டத்தான் வேண்டும். 2003-இன் சட்டத்தைச் சுட்டலாம். தோட்டத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்த இருநூறாம் ஆண்டு நினைவாக 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த மக்களைச் சுட்டலாம். காணி உறுதியைச் சுட்ட முடியாது, பெரும்பாலான லயத்துக் குடும்பங்களிடம் அது இன்னும் இல்லை. சரிந்த மலையிலிருந்து இறக்கப்பட்டவர்களை எங்கே குடியேற்றுவது, அந்த இடம் அவர்கள் பெயரில் எழுதப்படுமா என்ற கேள்வி பங்குச் சபைக் கூட்டத்துக்கும் வர வேண்டும், பிரதேச செயலகத்துக்கும் போக வேண்டும்.