மெய்மையும் கடினமும்: பழைய பந்தய சிமுலேட்டர் மோட்களின் வரலாறும் திருமலைப் பாதை வைக்கும் சோதனையும்

1. ஆய்வுக் கேள்வி

பழைய பந்தயக் கார்களைக் கணினித் திரையில் ஓட்டத் தரும் சிமுலேட்டர்களைப் பற்றி ஒரு கணக்கு வெகுகாலம் செல்லுபடியானது: ஓட்டுவதற்கு எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு நிஜம். வெளியான விளையாட்டில் கார்களையும் தடங்களையும் இயற்பியலையும் தாங்களே மாற்றிச் சேர்க்கும் ரசிகர்களின் ஆக்கங்களுக்கு மோட் என்று பெயர். இந்த மோட்களைச் செய்தவர்கள் மேற்படி கணக்கை எப்படிப் படிப்படியாகத் திருத்தினார்கள் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டுரையின் வாதம் இது. சிமுலேட்டரில் தோன்றும் கடினத்துக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, அசல் காரிலேயே இருந்த கடினம். மற்றொன்று, அசல் ஓட்டுநருக்குக் கிடைத்த தகவல்களைத் திரை தராததால் வரும் கடினம். இவற்றோடு அசலில் இல்லாத எளிமையையும் சேர்க்க வேண்டும். திரையில் யாரும் சாவதில்லை. நல்ல மோட் முதலாவதைக் காப்பாற்றி, இரண்டாவதைக் குறைத்து, மூன்றாவதற்கு ஈடு தேடுகிறது. இந்த வாதத்தை முதலில் உலக வரலாற்றிலும், பின்னர் சோழவரம் பந்தயத் தடத்திலும் திருமலை மலைப்பாதையிலும் வைத்துப் பார்க்கலாம்.

2. சுவிட்சுகளின் காலம்

இங்கிலாந்தின் ஜெஃப் கிராமண்ட் 1980-களின் நடுவில் பிபிசி மைக்ரோ கணினிக்காக எழுதிய ‘ரெவ்ஸ்’, ஃபார்முலா 3 காரின் நடத்தையைக் கணக்கிட்டுக் காட்ட முயன்றது. அவருடைய 1991-ஆம் ஆண்டு ஆக்கமான ‘ஃபார்முலா ஒன் கிராண்ட் பிரி’ கடினம் என்ற சிக்கலுக்கு ஒரு நேரடியான தீர்வைத் தந்தது. தானியங்கி பிரேக், தானியங்கி கியர், சரியான பாதையைக் காட்டும் கோடு, சுழன்ற காரைத் தானே நேராக்கும் உதவி, காருக்குச் சேதம் வராத ஏற்பாடு என ஒவ்வொன்றுக்கும் விசைப்பலகையில் ஒரு சாவி. நிலை உயர உயர இந்த உதவிகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்படும்.

இங்கே மெய்மை என்பது உதவிகள் இல்லாத நிலை. சுவிட்சை அணைத்தால் நிஜம், போட்டால் விளையாட்டு. சாமானியர் பந்தயத்துக்குள் நுழைய இது வழிவிட்டது. ஆனால் உதவிகளை எல்லாம் அணைத்த பிறகு மிஞ்சும் கார் அசல் காரைப் போல நடக்கிறதா என்ற கேள்வியை அது ஒத்திப்போட்டது.

3. 1998: சலுகை காட்டாத கார்

அந்தக் கேள்வியை நேராகக் கேட்டது அமெரிக்காவின் பாப்பிரஸ் நிறுவனம். 1989-இல் ‘இண்டியனாபொலிஸ் 500’ மூலம் பெயர் பெற்ற, அந்நிறுவனத்தின் டேவிட் கேமர் குழு, 1998-இல் ‘கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. களம் 1967-ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் பருவம். உரிமம் கிடைக்காததால் கூப்பரும் ஹோண்டாவும் அதில் ‘காவெண்ட்ரி’, ‘முராசாமா’ என்ற மாற்றுப் பெயர்களில் வந்தன.

ஆண்டைத் தேர்ந்ததிலேயே கடினம் இருந்தது. 1966-இல் எஞ்சின் வரம்பு 1.5 லிட்டரிலிருந்து 3 லிட்டராக உயர்ந்தது. 1967 ஜூனில் நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட்டில் அறிமுகமான லோட்டஸ் 49-இன் ஃபோர்டு காஸ்வொர்த் எஞ்சின் ஏறக்குறைய 400 குதிரைத்திறன் தந்தது. காரோ சுமார் 500 கிலோ. காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தது 1968-இல்தான். ஆக 1967 என்பது சக்தி பெருகி, பிடிமானம் அதற்கேற்ப வளராத இடைக்காலம்.

திரையில் அது எப்படித் தெரிந்தது? ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் தடத்தில் ஒரு வளைவுக்குள் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்ட புதியவர் பதறிப்போய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். காரின் எடை முன்சக்கரங்களின் பக்கம் சாய்கிறது. பின்சக்கரங்கள் லேசாகிப் பிடியை இழக்கின்றன. பின்பகுதி வெளியே வீசி வர, அவர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்புவதற்குள் கார் புதருக்குள் கிடக்கிறது. பயந்தால் காலை எடு என்று உடம்பு சொல்லும்; அதைக் கேட்டதுதான் தவறு. இதுவரையில் இது 1967-இன் அசல் கடினம்.

ஆனால் இன்னொரு பாதியும் இருந்தது. அசல் ஓட்டுநருக்குப் பின்பகுதி நழுவும் சேதி முதலில் இருக்கை வழியாக முதுகுக்கு வரும். கண் பிறகுதான் காணும். திரைக்கு முன் அமர்ந்தவருக்குக் கண் ஒன்றே துணை. அந்தக் கண்ணுக்கும் விநாடிக்கு அதிகபட்சம் 36 படங்களே கிடைத்தன. ஸ்டீயரிங்கில் டயரின் எதிர்விசையை உணர்த்தும் வசதி முதல் வெளியீட்டில் இல்லை. பின்னர் வந்த திருத்தத்தில்தான் சேர்ந்தது. விளையாட்டு விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றும் கடையில் தோற்றதற்கு, அசலில் இல்லாத இந்தக் கடினமும் ஒரு காரணம் என்று கொள்ள இடமுண்டு.

பாப்பிரஸ் இதை அறியாமல் இல்லை. சக்தி குறைந்த இரண்டு பயிற்சிக் கார்களை அதிலேயே வைத்தது. இது கிராமண்டின் சுவிட்சிலிருந்து வேறுபட்ட வழி. இயற்பியல் விதி அப்படியே இருக்க, தவறைத் திருத்திக்கொள்ள ஓட்டுநருக்கு அவகாசம் கூடுகிறது.

பொய்யான எளிமையும் இதே விளையாட்டில்தான் அம்பலமானது. நியூர்பர்க்ரிங்கில் நடந்த 1967 ஜெர்மன் கிராண்ட் பிரியின் தகுதிச் சுற்றில் லோட்டஸ் ஓட்டுநர் ஜிம் கிளார்க் எடுத்த முதலிட நேரம் 8 நிமிடம் 4.1 விநாடி. ‘லெஜண்ட்ஸ்’ விளையாட்டின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் அதைவிடக் குறைந்த நேரத்தில் அந்த 22.8 கிலோமீட்டர் சுற்றை முடித்தார்கள். கிளார்க்கைவிட இவர்கள் கெட்டிக்காரர்கள் என்று பொருளில்லை. மோதினால் இரண்டு சாவிகளை அழுத்தி காரைத் தடத்தில் மீண்டும் நிறுத்தலாம். ஆயிரம் சுற்று பழகலாம். அதே 1967-இல் மொனாக்கோ பந்தயத்தில் விபத்துக்குள்ளான ஓட்டுநர் லொரென்ஸோ பண்டினி உயிரிழந்தார். அந்தப் பயம் திரையில் ஏறவில்லை.

4. மோட்கள் கண்ட வழி

பாப்பிரஸ் தன் நிரல்மூலத்தை வெளியிடவில்லை. ஆகவே ரசிகர்கள் இயங்கு கோப்பைத் தாங்களே பிரித்துப் படித்து, அதன் எண்களை மாற்றக் கற்றார்கள். 2004-இல் வந்த 1965 பருவத்தின் மோட் இந்த உழைப்பின் முதல் பெரிய விளைச்சல். 1.5 லிட்டர் எஞ்சின், ஏறக்குறைய 200 குதிரைத்திறன். ‘லெஜண்ட்ஸ்’ விரட்டியடித்த பலரால் இதை ஓட்ட முடிந்தது. மெய்மையை விட்டுக்கொடுத்து வந்த எளிமை அல்ல இது. அசல் கார் அப்படிப்பட்டது. அடுத்து வந்த 1966, 1969 பருவங்களின் மோட்களும் கேன்-ஆம் ஸ்போர்ட்ஸ் கார்களின் மோடும் இதையே வேறு வேறு விதமாக உறுதிசெய்தன. கடினம் என்பது ஆண்டுக்கு ஆண்டு, காருக்குக் கார் மாறும் வரலாற்றுத் தகவல். அதைச் சரியாகக் காட்டுவதும் மெய்மையின் ஒரு பகுதி.

அளவுகோலையும் ரசிகர்களே வகுத்தார்கள். விளையாட்டின் 11 தடங்களிலும் ஒருவருடைய சிறந்த நேரங்களை எடுத்து, நிர்ணயித்த அடிப்படை நேரங்களோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கூட்டித் தரவரிசை இட்டார்கள். கூட்டுத்தொகை பூஜ்யத்துக்குக் கீழே போவது கௌரவம். நிலை ஏறினால் உதவி பறிபோகும் என்ற பழைய முறைக்குப் பதிலாக, எல்லோருக்கும் ஒரே தடங்கள், ஒரே விதி, தன் பழைய நேரத்தோடு தானே போட்டி என்ற முறை வந்தது.

2005-இல் ‘ஆர்ஃபேக்டர்’ வந்தபோது பூட்டை உடைக்கும் வேலை மிச்சமானது. மோட்களை வரவேற்கவே அது கட்டப்பட்டிருந்தது. அதே ஆண்டு வந்த ‘ஜிடி லெஜண்ட்ஸ்’ 1960, 70-களின் கார்களை நோக்கி ஒரு புதிய கூட்டத்தை இழுத்தது. அந்தக் கார்களை ‘ஜிடிஆர் 2’ விளையாட்டுக்குக் கொண்டுசென்று இயற்பியலை மறுபடி சீர்செய்த ‘பவர் அண்ட் குளோரி’ மோட் இன்றும் பேசப்படுகிறது. 2014 டிசம்பரில் முழுமையாக வெளியான இத்தாலியின் ‘அசெட்டோ கோர்ஸா’ லோட்டஸ் 49-ஐத் தன்னுடனேயே கொண்டு வந்தது. கேமர் தொடங்கி 2008-இல் திறந்த ‘ஐரேஸிங்’ மட்டும் எதிர்த்திசையில் போனது. அங்கே இயற்பியலை வெளியார் தொட முடியாது.

5. டயர் கோப்புக்குள்

இந்தக் காலத்து மோட் ஆக்குநரின் உழைப்பு பெரும்பாலும் டயரில் செலவாகிறது. டயர் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே வளைவில் ஒரு சிறு கோணம் விழும். அந்தக் கோணம் கூடக் கூடப் பிடிமானம் உயர்ந்து, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு சரியும். இன்றைய பந்தய டயரில் உச்சம் சிறிய கோணத்திலேயே வந்துவிடும். 1960-களின் குறுக்கு இழை டயரில் அது பெரிய கோணத்தில், மெதுவாக வரும், சரிவும் மெதுவானது. அக்காலப் படங்களில் கார்கள் நான்கு சக்கரமும் நழுவியபடி வளைவதைக் காண்கிறோமே, அதன் காரணம் இதுதான்.

பழைய கார் என்றால் வழுக்க வேண்டும் என்றெண்ணி ஒட்டுமொத்தப் பிடிமானத்தை மட்டும் குறைத்துவிட்டு, உச்சத்துக்குப் பிந்தைய சரிவைச் செங்குத்தாக விட்டால், கிடைப்பது பனிக்கட்டி மேல் ஓடும் நவீன கார். அது கடினம், ஆனால் பொய். உச்சத்தைத் தள்ளிவைத்துச் சரிவை மெதுவாக்கினால் காரின் மொத்தப் பிடி குறைவாகவே இருக்கும். இருந்தும் அது முன்கூட்டி எச்சரிக்கும், தவறைப் பொறுக்கும். கார் மெய்மைக்கு நெருங்கிய அளவுக்கே ஓட்டவும் எளிதாகிறது. தொடக்கத்தில் கண்ட கணக்கு தலைகீழாவது இந்த இடத்தில்தான்.

6. சோழவரம்: தெற்கின் பழைய தடம்

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தின் சோழவரம் விமான ஓடுதளமே பல பத்தாண்டுகள் அதன் பந்தயக் களம். பிறகுதான் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. சோழவரத்தில் ஓடியவற்றில் மாற்றியமைத்த ஃபியட், ஹெரால்டு கார்களும் உண்டு.

ஃபியட் 1100-க்கு மோட் செய்வதாகக் கொள்வோம். எஞ்சின் 1089 சிசி, சக்தி அச்சுறுத்தாது. கடினம் வேறிடங்களில் இருக்கிறது: நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். சூடேறினால் டிரம் பிரேக்கின் பிடி தளரும். தட்டையான ஓடுதளத்தில் மேடு பள்ளமோ மரமோ அடையாளம் சொல்லாது. எங்கே பிரேக் பிடிப்பது என்பதே பாதிப் பந்தயம். பிரேக் சூட்டைக் கணக்கில் கொள்ளாமல் காரை வழுக்க மட்டும் விட்டால், அந்த மோடில் வண்ணம் ஒன்றுதான் சோழவரமாக இருக்கும்.

7. திருமலை: எதிர்த்திசைக் கடிகாரம்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஓட்டுநரின் கெட்டிக்காரத்தனம் அளக்கப்படுவது மலைப்பாதையில். பெங்களூர் சாலையின் மொகிலி, மதனபள்ளி சாலையின் பாக்கராபேட்டை ஆகிய மலையிறக்கங்களைத் தெரியாத லாரிக்காரர் இங்கே இல்லை. எல்லாவற்றிலும் பெயர் பெற்றது திருமலை. முதல் பாதை 1944-இல் திறந்தது. இரண்டாவது 1970-களில் சேர்ந்தது. இப்போது புதிய பாதையில் ஏற்றம், கொண்டை ஊசி வளைவுகள் மலிந்த பழைய பாதையில் இறக்கம்.

இங்கே திருமலைக் கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானம் வைத்துள்ள நேர விதி, பந்தயக் கடிகாரத்துக்கு நேர் எதிரானது. ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம். அதற்கு முன்னதாக வந்து சேர்ந்த வண்டி நடவடிக்கைக்கு உள்ளாகும். ஜிம் கிளார்க்கின் நேரத்தை முறியடித்த திரை ஆட்டக்காரரை வீழ்த்தக்கூடிய விதி இது. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சினையே பிரேக்காக்கி, மிதியை விட்டுவிட்டுத் தொட்டு, முன்னே போகும் பேருந்தின் பின்னால் பொறுமையாக இறங்குவதுதான் அங்கே திறமை.

இந்தப் பாதையைத் திரைக்குக் கொண்டுவரக்கூடிய தென்னிந்திய இளைஞர் பலருக்கு மோட் அறிமுகமானது கைப்பேசி வழியாக. 2017-இல் வந்த ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’வுக்கு ஆந்திர, தமிழக, கேரள அரசுப் பேருந்துகளின் மோட்கள் குவிந்தன. வண்ணம், ஊர்ப்பலகை, ஹாரன் ஆகியவற்றில் அவை காட்டும் அக்கறை நுணுக்கமானது. 1990-களின் கார்பந்தய மோட்களும் பெரும்பாலும் மேல்பூச்சிலிருந்தே தொடங்கின. அடுத்த படி, பயணிகள் நிறைந்த பேருந்தின் எடையும் அதை இறக்கத்தில் பிடித்து நிறுத்தும் பிரேக்கின் சூடும்.

8. முடிவுரை

உதவிச் சாவிகளில் தொடங்கிய முயற்சி, சலுகை காட்டாத 1967-ஐக் கடந்து, டயர் வளைகோட்டைத் திருத்தும் நிலைக்கு வந்ததே இந்த மோட்களின் வரலாறு. அதிலிருந்து மூன்று கேள்விகளை வடித்தெடுக்கலாம். இந்தக் கடினம் அசல் வாகனத்தில் இருந்ததா? இல்லையென்றால், எந்தத் தகவலைத் திரை மறைத்ததால் அது வந்தது? அசல் ஓட்டுநரைக் கட்டுப்படுத்திய பயத்துக்கோ விதிக்கோ மோடில் ஈடு என்ன?

முதல் இரண்டுக்கும் மோட் ஆக்குநர்கள் பெரும்பாலும் விடை கண்டுவிட்டார்கள். மூன்றாவது, இயற்பியலைத் திருத்துவதால் மட்டும் தீராது; விளையாட்டின் விதியையே மாற்ற வேண்டும். அதற்குத் திருமலைப் பாதை ஓர் ஆயத்த மாதிரி. பழைய பாதையை மோடாக்குபவர், 39-ஆவது நிமிடத்தில் மலையடிவாரத்து அலிபிரியை எட்டியவரைத் தோற்றவர் என்று அறிவிக்கும் கடிகாரத்தையும் சேர்த்தே செய்தாக வேண்டும்.