ஒரு சொடுக்கில் ஒரு போர்க்கப்பல்



கணினி விளையாட்டு மாணவர்களுக்கு நன்மையா, தீமையா? இந்தத் தலைப்பில் படிவம் நான்கு மாணவர்களுக்கு ஒரு விவாதக் கட்டுரை கொடுத்திருந்தேன். ஒருவன், ‘விளையாட்டில்தான் நான் வரலாறு கற்றேன். பிரிட்டனிடம் பெரிய பெரிய கப்பல்கள் இருந்தன; அதனால்தான் அது கடலை ஆண்டது’ என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையில் ‘சான்று எங்கே?’ என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். புத்தகத்தை வாங்கியவன் மெல்லக் கேட்டான்: "டீச்சர், அந்த கேம நீங்க பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அன்று இரவே உட்கார்ந்து பார்த்தேன்.

அது 2009இல் வெளிவந்த ‘எம்பயர்: டோட்டல் வார்’. 18ஆம் நூற்றாண்டு உலகில் ஒரு நாட்டை நீங்கள் ஆள வேண்டும். அதில் கம்பீரமாக வருபவை பாய்மரப் பெரும் போர்க்கப்பல்கள். அக்காலக் கப்பல்களில் பீரங்கிகள் பெரும்பாலும் இரு பக்கவாட்டிலும்தான் இருந்தன. ஆகவே கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி, பக்கவாட்டைப் பகைவனுக்குக் காட்டிச் சுட்டன. அந்த வரிசையில் நின்று அடி தாங்கக்கூடிய கப்பல்தான் ‘வரிசைப் போர்க்கப்பல்’. 74 பீரங்கி கொண்டவை பரவலாக இருந்தன. 100க்கு மேல் கொண்டவை முதல் தரம்.

விளையாட்டு சில விஷயங்களைச் சரியாகவே சொல்கிறது. காற்றுத் திசை பார்க்காமல் கப்பலைத் திருப்ப முடியாது. இரும்புக்குண்டு கப்பலின் உடலை உடைக்கும். சங்கிலிக்குண்டு பாய்மரத்தை அறுக்கும். சிதறுகுண்டு ஆட்களைக் கொல்லும். பாடநூலில் படித்தால் மறந்துபோகும் இவையெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

ஆனால், ஒன்று கவனியுங்கள். துறைமுகத்தைச் சொடுக்கினால் போதும். பணம் கழியும், சில சுற்றுகளில் கப்பல் தயார்! உண்மையில் என்ன நடந்தது?

பிரிட்டனின் ‘விக்டரி’ கப்பலை எடுத்துக்கொள்வோம். 1759இல் சாத்தம் துறையில் கட்டத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 6,000 மரங்கள் தேவைப்பட்டன; பெரும்பாலும் ஓக். கடலில் இறக்கியது 1765இல். போர்ப் பணிக்கு அனுப்பியது 1778இல். மொத்தம் 19 ஆண்டுகள். விளையாட்டில் ஓர் ஆண்டுக்கு இரண்டு சுற்று. கணக்குப் போட்டுப் பாருங்க, 38 சுற்று! அவ்வளவு நேரம் யார் காத்திருப்பார்கள்?

சரி, பெரிய கப்பல் இருந்தால் வெற்றி நிச்சயமா? 1805 அக்டோபர் 21, டிரஃபால்கர் போர். பிரிட்டனிடம் 27 வரிசைப் போர்க்கப்பல்கள். எதிரில் பிரான்சும் ஸ்பெயினும் சேர்ந்து 33. அன்றைய உலகின் மிகப் பெரிய போர்க்கப்பலான ‘சாண்டிசிமா டிரினிடாட்’ ஸ்பெயினிடம்தான் இருந்தது. நான்கு பீரங்கித் தளங்கள், 130க்கும் மேல் பீரங்கிகள். அன்று மாலைக்குள் எதிரணியின் 18 கப்பல்கள் கைவிட்டுப் போயின. அந்தப் பெரிய கப்பலும் சிறைபட்டது. பிரிட்டன் ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை.

ஆக, கப்பலின் அளவு காரணம் அல்ல. பின் எது?

பகைவனின் துறைமுகங்களுக்கு வெளியே பிரிட்டிஷ் கப்பல்கள் மாதக்கணக்கில் காவல் நின்றன. தளபதி நெல்சன் விக்டரியை விட்டுக் கரையிறங்காமல் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கடலிலேயே இருந்தார். மாலுமிகள் நாள்தோறும் பீரங்கிப் பயிற்சி செய்து கைவேகம் பெற்றார்கள். உள்ளே அடைபட்டுக் கிடந்த எதிரணிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அவ்வளவு நாள் கடலில் உயிரோடு இருந்ததே ஒரு சாதனைதான். 1740இல் ஆன்சன் என்பவர் தலைமையில் சுமார் 1,900 பேர் புறப்பட்டார்கள். நான்கு ஆண்டுகளுக்குள் அவர்களில் ஏறத்தாழ 1,400 பேர் இறந்தார்கள். பீரங்கிக்குப் பலியானவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோரைக் கொன்றது ஸ்கர்வி முதலான நோய்கள். 1747இல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஆரஞ்சும் எலுமிச்சையும் ஸ்கர்வியைக் குணப்படுத்துவதைச் சோதித்துக் காட்டினார். ஆனால் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க முடிவெடுத்தது 1795இல்தான். விக்டரியின் 104 பீரங்கிகளுக்குப் பின்னால் சுமார் 820 மனிதர்கள் இருந்தார்கள். அக்காலக் கப்பல்களில் கட்டாயமாகப் பிடித்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு. விளையாட்டில் அவர்கள் திரையோரத்தில் குறையும் ஓர் எண் மட்டுமே.

இன்னொரு செய்தி. இத்தகைய கப்பல்கள் இங்கிலாந்தில் மட்டும் உருவாகவில்லை. 74 பீரங்கி கொண்ட ‘மிண்டன்’ 1810இல் பம்பாயில் கடலில் இறங்கியது. கட்டியவர் பார்சி சமூகத்தைச் சேர்ந்த ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா. மரம் இந்தியத் தேக்கு. அடுத்த ஆண்டே ஜாவா படையெடுப்பில் அது பங்கேற்றது. அந்தப் படையெடுப்புக்கான கப்பல்கள் கூடிப் புறப்பட்ட இடம் எது தெரியுமா? நம்ம மலாக்காதான்.

மாணவர்களே, தேர்வில் விளையாட்டை மேற்கோளாகக் காட்டுவது தவறில்லை. ஆனால் அது வாசல்தான், வீடு அல்ல. ‘விளையாட்டில் பார்த்தேன்’ என்று நிறுத்தாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: இதைச் செய்தவர் யார்? எவ்வளவு காலம் ஆனது? விலை கொடுத்தவர் யார்? ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரோ ஆண்டோ எண்ணோ தேடி எழுதினால், அதுதான் சான்று.

ஆசிரியர்களே, நமக்கும் ஒரு பாடம் உண்டு. ‘சான்று எங்கே?’ என்று கேட்பது எளிது. எங்கே தேடுவது என்று காட்டினேனா? இல்லை. திங்கட்கிழமை அவன் புத்தகத்தைத் திரும்ப வாங்கினேன். என் சிவப்பு மைக்குக் கீழே ‘நானும் பார்த்துவிட்டேன். டிரஃபால்கரில் பெரிய கப்பல் ஏன் தோற்றது? கண்டுபிடித்து மீண்டும் எழுது’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வாரமே மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். இதுவரை ஒரு பக்கத்தைத் தாண்டாதவன்!